கடைசி நம்பர்

பேக்கிங் மேஸ்திரிக்கு ‘புதுப்பேரு’ என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. பம்பு கம்பெனியின் பெயரை மாற்றிய நாளிலிருந்து, யாராவது வாய் தவறிப் பழைய பெயரைச் சொன்னால் போதும், “புதுப்பேரு, புதுப்பேரு” என்று திருத்திக்கொண்டே திரிந்தார் மனுஷன். மாற்றத்துக்குத் துணை நிற்பவர் என்று மேனேஜரே அவர் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திவிட்டார். இருபது வருஷத்தில் ஒரு மேனேஜர் அவர் தோளில் கை போட்டது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை அவருக்கு.

பழைய அடையாள அட்டையை ஒப்படைத்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, புது அட்டை வாங்க வேண்டும். மேஸ்திரி மெஷினுக்கு மெஷின் நின்று பேசி எல்லாரையும் வழிக்குக் கொண்டுவந்தார். மசியாதவர் ஒருவர்தான். தங்கை புருஷன், லேத் ஓட்டுகிறவர்.

“பழைய நம்பர்ல நான் சேர்ந்த வருஷம் இருக்கு மச்சான். புதுசுல காணோமே?”

“அட, ஆபீஸ்ல எல்லாம் இருக்கும் மாப்ள. நான் இருக்கேன்ல?”

கேட்டுவிடலாம் என்று மேஸ்திரி மேனேஜர் அறை வாசல்வரை போகத்தான் போனார். கேட்டால், இவனும் சந்தேகப் பிராணி என்று நினைத்துவிடுவாரோ? திரும்பி வந்துவிட்டார். பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா! அன்று சாயந்திரமே தங்கை வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணன்தான் இவ்வளவு சொல்றாரே, கையெழுத்தைப் போட்டுக் குடுங்களேன்” என்றாள் தங்கை. மாப்பிள்ளை போட்டார்.

மூன்றாம் மாதம் ஆள்குறைப்பு. கையெழுத்துப் போட்ட தாளின்படி எல்லாருமே அன்றுதான் சேர்ந்த புது ஆட்கள். கடைசி நம்பரிலிருந்து அனுப்பிக்கொண்டு வந்தார்கள். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் மாப்பிள்ளை; கடைசி நம்பரும் அவருடையதுதான். பதினெட்டு வருஷத்தைக் காட்டி வாதாடலாம் என்றால் பழைய அட்டையும் கையில் இல்லை.

மேஸ்திரி மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் மறுபடியும் தோளில் கை போட்டார். “நீங்க நம்ம ஆளு. கேட்ல நின்னு அட்டையெல்லாம் நீங்களே வாங்கிடுங்க. உங்க பேச்சை எல்லாரும் கேப்பாங்க.”

பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வீசியிருக்கலாம். வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். போய்க் கேட்டில் நின்றார்.

மாப்பிள்ளை வந்து அட்டையைக் கழற்றி நீட்டினார். “நீங்க வாங்கிக் குடுத்ததுதானே மச்சான், இந்தாங்க.”

மேஸ்திரி அட்டையை வாங்கிக்கொண்டார். “மாப்ள, சாயந்திரம் வீட்டுக்கு வந்து தங்கச்சிகிட்ட நானே...”

“வராதீங்க மச்சான். அவதான் சொல்லச் சொன்னா.”