கிணற்றடித் துளையில் கிடந்த இரும்பு

பர்மாவில் எண்ணெய்க்குத் துளை போடும் கூட்டத்தில் கூலியாக இருந்தவன் நான். யுத்தம் விரட்டியதில் ஊர் திரும்பினேன். தெரிந்த வேலை பூமியைக் குத்துவது ஒன்றுதான். மார்க்கையன்கோட்டைப் பக்கம் தண்ணீருக்குத் துளை போடுகிற ஆட்களோடு சேர்ந்துகொண்டேன்.

பர்மாவில் இயந்திரம் தூக்கிய உளியை இங்கே எங்கள் தோள்கள் தூக்கின. வற்றிய கிணற்றின் தரையில் மூன்று மரம் நட்டு, உச்சியில் கப்பி கட்டி, கயிற்றை இழுத்து இழுத்து விடுவோம். கீழே பாறை 'ணங்' என்னும். அந்தச் சத்தம் உள்ளங்காலில் ஏறி நெஞ்சில் உட்காரும். எங்கேயும் கால் தரிக்காத என்னை அது ஒன்றுதான் நிற்க வைத்தது.

கிணற்றுக்குச் சொந்தக்காரி புருஷனை இழந்தவள். மேலே அவளுடைய வெற்றிலைக் கொடிக்கால். வாய்க்கால் வறண்ட வருஷம். குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் கொடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

ஒரு மதியம் மேலேறிச் சாப்பிட்டுவிட்டு வந்து உளியை விட்டோம். சத்தம் மாறியிருந்தது. பல்லில் மணல் அரைபட்டதுபோல் ஒரு கிறீச்.

"பாறையில்ல இது. இரும்பு," என்றார் மேஸ்திரி.

எங்கள் சாமான் ஏதும் விழுந்துவிட்டதா என்று தேடினோம். எல்லாம் இருந்தன. கிணற்றுப் படியில் நின்ற சொந்தக்காரியின் முகம் வெளுத்தது.

"நாந்தாண்ணே போட்டேன். தேஞ்ச கொழு."

"ஏர்க் கொழுவா? எதுக்கு ஆத்தா?"

"பிள்ள பொறந்த வீட்டுல இரும்பு வைக்காம விடுவமா? பூமி இப்பிடி வாயத் தொறந்து கெடக்கு. காத்துக் கருப்பு எறங்கிரக் கூடாதுன்னு..."

"காத்து எறங்கல ஆத்தா. எங்க உசிருதான் எறங்கிப் போச்சு," என்றான் கயிற்றுக்காரன்.

யாரும் சிரிக்கவில்லை. இரும்பின்மேல் உளி இறங்காது. வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அதுவரைக்கும் கொடி தாங்குமாண்ணே?"

மேஸ்திரி கப்பியைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"அங்கன எண்ணெய்க் கெணத்துல இப்பிடி விழுந்தா மெழுகு எறக்குவாக, மேஸ்திரி. எப்பிடிக் கெடக்குன்னு அச்சு விழும்."

"ஏலே பர்மா, இத முன்னமே சொல்றதுக்கென்ன?"

"முன்னமே யாரு கொழுவப் போட்டா?"

அவளே தேன்மெழுகு கொண்டுவந்தாள். கம்பி நுனியில் அப்பி இறக்கி, அழுத்தி, தூக்கினோம். மெழுகில் கொழுவின் மூக்கு பதிந்திருந்தது. துளையின் சுவரில் அது சாய்ந்து நிற்பது தெரிந்தது. கொல்லுப்பட்டறையில் ஒரு குழாயின் வாயை நீள நீளப் பற்களாக வெட்டச் சொன்னோம். அழுத்தித் திருகினால் பற்கள் உள்ளே மடங்கிக் கொழுவைக் கவ்வும், விரல்களை மூடுகிற கைபோல.

மறுநாள் காலை குழாயை இறக்கித் தூக்கியதில் முதல் தடவை சேறுதான் வந்தது. அவள் படியை விட்டு அசையவில்லை. இரண்டாம் தடவை என் கைகளில் வியர்வை, கயிறு வழுக்கியது. குழாயைச் சாய்த்து மேஸ்திரி சுத்தியலால் தட்டினார். சேறு வழிந்தது. இன்னொரு தட்டு. மீன் துள்ளி விழுவதுபோல் கொழு விழுந்தது.

"ஆத்தாடி!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். அதன் பிறகு மதியச் சோற்றுக்கு நாங்கள் ஏறினால், இறங்கி வந்து துளைமேல் சாக்கைப் போட்டு, இரும்புக்குப் பதில் அதன்மேல் அவளே உட்கார்ந்துகொள்வாள்.

சில நாளில் உளி பொத்தென்று எதற்குள்ளோ போனது. முதலில் தண்ணீர் கலங்கலாய்க் கசிந்தது. பிறகு குளிர்ச்சியாய், நிற்காமல், எங்கள் கணுக்காலை மூடியது.

"ஏறி வாங்கண்ணே! மொதல்ல ஏறி வாங்க!" மேலிருந்து அவள் கத்தினாள்.

"இரு ஆத்தா," என்றார் மேஸ்திரி. "செத்த நேரம் நின்னுக்கிர்றோம்."