சிவப்பு ரிப்பன் கட்டிய ஜாடிகள்

எங்கள் முதியோர் இல்லத்தில் எல்லோரும் அவரைக் கிளாஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே நர்ஸாக இருக்கும் நான் வயதில் அவருக்கு மூத்தவள். ஆனாலும் எனக்கும் அவர் அண்ணன்தான். ஒரு பெரிய ஓட்டலின் பாரில் கிளாஸ் கழுவச் சேர்ந்தவர், பிறகு கிளாஸ் துடைத்தார், பிறகு கிளாஸில் ஊற்றினார். ஓய்வு பெறும்வரை அந்த மேசைக்குப் பின்னால்தான் நின்றார். ஒரு சொட்டு மது குடித்ததில்லை. கேட்டால், "நானும் குடிச்சிட்டு நின்னா எவன் கிளாஸ் காலின்னு எப்படித் தெரியும்?" என்பார்.

பக்கவாதம் வந்து வலது கையை மடக்கிப் போட்டது. பேச்சு போய்த் திரும்பி வந்தது. விழுங்குவது மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. தண்ணீர்போல ஓடுகிற எதுவும் அவருக்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்; நெஞ்சில் சளி கட்டும், ஆஸ்பத்திரிதான். ஆகவே தண்ணீரோ காபியோ பழச்சாறோ, கெட்டியாக்கும் பவுடரைக் கலந்து தேன் பதத்தில்தான் கொடுப்போம். மறுக்காமல் குடிப்பார். ஆனால் தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

"நான் பசை குடிக்கிறதை நாலு பேர் பாக்கணுமா சிஸ்டர்?"

ஆண்டு முடிவு விடுமுறையில் எங்கள் இல்லத்தில் விருந்து உண்டு. எல்லோருடைய உறவினர்களும் வருவார்கள். போன விருந்துக்கு அவர் கூடத்தின் பக்கமே வரவில்லை. மகள் தட்டோடு அறைக்குப் போய், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

இந்த முறை விருந்தைப் பற்றி மேலாளரம்மா வாயெடுத்ததுமே அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"அதே சிவப்பு சர்பத்தா? அது விருந்துக்கா, இருமலுக்கா?"

"அவ்வளவு தெரிஞ்சவர் நீங்களே பண்ணுங்களேன்."

"பண்றேன். சரக்கு இல்லாத காக்டெயில், பழமும் பச்சிலையும் போட்டு. ஆனா கூடத்துக்கு வர மாட்டேன். ஊரெல்லாம் ஒண்ணு குடிக்க, நான் மட்டும் வேறொண்ணு குடிச்சிட்டு அங்க உக்கார மாட்டேன்."

மகளிடமும் போனில் இதையே சொன்னார். "இந்தத் தடவையும் நீங்க வெளிய வரலைன்னா நான் வீட்டிலேயே இருந்துக்கறேன்பா" என்று அவள் போனை வைத்துவிட்டாள். அவள் கோபம் எத்தனை நாள் தாங்கும்? விருந்தன்று எல்லோருக்கும் முன்னால், காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். நேரே சமையலறைக்கு.

அந்தக் காலை சமையலறை இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். மேசை நிறைய ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி, எலுமிச்சை, இஞ்சி. நடுவில் புதினாக் கட்டுகள், ரோஸ்மேரி என்கிற வாசனை இலைக் கொத்துகள். பம்பளிமாஸும் வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் வாங்க விடவில்லை. இங்கே பாதிப் பேர் கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள். அந்தப் பழம் சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது.

"அப்ப கசப்புக்கு எங்க போவேன்?"

"அது உங்க கவலை."

முறைத்தார். பிறகு ஆரஞ்சுத் தோலைச் சீவச் சொல்லி, சர்க்கரையில் பிசைந்து ஊற வைத்தார். சற்று நேரத்தில் தோலின் எண்ணெய் இறங்கி, சர்க்கரை ஈர மணலாகி, அறையே மணத்தது. லேசான கசப்பும் அதிலேயே கிடைத்தது. ரோஸ்மேரியைச் சர்க்கரைப் பாகில் ஒரு கொதி விட்டு உடனே எடுத்துவிடச் சொன்னார். மாதுளையை மிக்ஸியில் போடப் போன மகளுக்குத் திட்டு விழுந்தது.

"விதை அரைபட்டா கசந்து போகும்! சல்லடையில போட்டு அழுத்து. உங்கம்மா உன்னை அடுப்படிப் பக்கமே விடலையா?"

"அம்மா விட்டாங்க. நீங்கதான் வெளிய போன்னு விரட்டுவீங்க."

புதினாவை நசுக்கக் கூடாதாம். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து ஒரே தட்டுத் தட்ட வேண்டுமாம். அவருக்கு இயங்குவது ஒரு கைதான். "கையை நீட்டுங்க சிஸ்டர்" என்றார். நீட்டினேன். இலையை என் உள்ளங்கையில் வைத்துப் பளீரென்று ஓர் அறை. "நல்லா இருக்கே இது" என்று அடுத்த அறை. கை எரிந்தது. ஆனால் மணம் குப்பென்று எழுந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். மகள் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

ருசி பார்ப்பதற்கு அவருக்கு ஒரு வழி இருந்தது. ஸ்டிராவைப் பானத்தில் விட்டு, மேல் துளையை விரலால் அடைத்துத் தூக்கி, இரண்டு சொட்டை நாக்கில் விடுவார். பாரில் அப்படித்தான் பார்ப்பார்களாம். வாயைச் சுத்தம் செய்துவிட்டு அந்த இரண்டு சொட்டை வைக்கலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "எலுமிச்சை" என்பார். மகள் பிழிவாள். மறுபடி இரண்டு சொட்டு. "போதும், நிறுத்து!"

கலவை இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகளில் நிறைந்தது. மாணிக்கச் சிவப்பு. சோடாவைக் கடைசி நேரத்தில்தான் சேர்ப்பதாக இருந்தது. அண்ணனுக்குச் சட்டை மாற்ற நான் அறைக்கு அழைத்துப் போனேன். விருந்து களைகட்டட்டும் என்று மகள் ஜாடிகளின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு, கூடத்தில் நாற்காலி போடப் போனாள்.

எங்கள் சமையலறையில் ஒரு சட்டம் உண்டு. சிவப்பு நாடா ஒட்டிய பாத்திரம் எதுவானாலும் அதில் பவுடர் கலக்க வேண்டும். விழுங்க முடியாதவர்களுக்குத் தவறிப்போய்த் தண்ணீர்ப் பதத்தில் எதுவும் போய்விடக் கூடாது என்பதற்கு அது. சமையல்கார அக்கா ஜாடிகளைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார், டப்பாவைத் திறந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா கலக்கிக்கொண்டிருந்தார். கரண்டி மெதுவாகச் சுற்றியது.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"சிவப்பு இருந்தா பவுடர். நீங்கதானே சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க? இவ்வளவு பேருக்குத் தொண்டை கெட்டுப் போச்சான்னு நானே பயந்துட்டேன்."

மகள் ஓடி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அய்யோ, அழகுக்குக் கட்டினேன்பா!" கூடத்தில் உறவினர்கள் வந்து நிறையும் சத்தம் கேட்டது. மறுபடி பண்ண மாதுளையோ அன்னாசியோ மிச்சமில்லை. சிவப்பு சர்பத் பாட்டில் மட்டும் அலமாரியில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

"அதைத் தொட்டீங்க, அவ்வளவுதான்" என்றார் அண்ணன். "ஒரு ஸ்பூன் குடுங்க."

நான் கரண்டியைச் சாய்த்துப் பார்த்தேன். தேன்போல இழைந்து விழுந்தது, கட்டி இல்லை. அவருக்குச் சரியான பதம். நிமிர்ந்து உட்கார வைத்து ஒரு ஸ்பூன் கொடுத்தேன். காலையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பார்த்ததை முதன்முறையாக வாய் நிறைய வைத்தார். விழுங்கினார்.

"புளிப்பு அமுங்கிப் போச்சு. பவுடர் ருசியை முழுங்குது. இன்னும் எலுமிச்சை, இன்னும் இஞ்சி. ஒரு சிட்டிகை உப்பு. சீக்கிரம்!"

பிழிந்தோம், துருவினோம், வடிகட்டினோம். இன்னொரு ஸ்பூன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு உயரமான கிளாஸ் எடு. பாதிவரைக்கும் இதை ஊத்து. இப்ப அந்த ஸ்பூனைக் கவுத்துப் பிடி."

கவிழ்த்த ஸ்பூனின் முதுகில் இடது கையால் சோடாவை மெல்ல வழிய விட்டார். அடியில் கெட்டிச் சிவப்பு அசையாமல் நின்றது. மேலே சோடா பளிங்காகக் குமிழிட்டது. இரண்டும் கலக்கவில்லை. ஒரு ரோஸ்மேரிக் கொத்தைச் செருகினார்.

"தண்ணியா இருந்திருந்தா இப்படி நிக்காது" என்றார். சமையல்கார அக்கா உடனே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பின்ன? எல்லாம் என் கைராசி" என்றார்.

"அப்ப உங்க கிளாஸ்பா?" என்று மகள் கேட்டாள். "அதே ஜாடியிலிருந்துதானே?"

அவர் ஜாடியைப் பார்த்தார். பிறகு என்னை. "கைத்தடி எங்க சிஸ்டர்?"

கூடத்தில் அவர் நுழைந்ததும் எழுந்த கூச்சலில் மேலாளரம்மாவின் வரவேற்புரை காணாமல் போனது. அவர் மேசைக்குப் பின்னால் போய் நின்றார். மகள் கிளாஸைப் பிடித்துக்கொள்ள, இவர் சோடாவை வழிய விட்டார். ஒவ்வொரு கிளாஸும் இரண்டு நிறமாக எழும்ப எழும்பப் பிள்ளைகள் முட்டி மோதினார்கள். எங்களோடு இருக்கும் பழைய பஸ் டிரைவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"அண்ணே, இது ஏறுமா?"

"ஏறும். சுகர் ஏறும்."

விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் கிளாஸ்களை நானே எடுத்துப் போனேன்: சோடா இல்லை, ஐஸ் இல்லை, இலை இல்லை. இலை தொண்டையில் ஒட்டினால் அண்ணனின் கலை உதவாது, நான்தான் ஓட வேண்டும். அண்ணனுடைய கிளாஸும் அதே உயரம், அதே சிவப்பு. மகள் தன் கிளாஸால் அதைத் தொட்டாள். நான் பக்கத்தில் நின்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோவாயை நெஞ்சோடு சேர்த்தார், விழுங்கினார், மறுபடி ஒருமுறை விழுங்கினார். இருமல் இல்லை. குரல் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, "ஏதாவது பேசுங்க" என்றேன்.

"இஞ்சி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

மகள் அழுதாளா சிரித்தாளா என்று கவனிக்க எனக்கு நேரமில்லை. வரிசை கதவைத் தாண்டிப் போய்விட்டது. பஸ் டிரைவர் காலிக் கிளாஸோடு முன்னால் புகுந்தார்.

"அண்ணே, சோடா வேணாம். நீங்க குடிக்கிறீங்களே, அது மாதிரி ஒண்ணு போடுங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"பின்னால போய் வரிசையில வாங்க. இங்க டிரைவருக்கெல்லாம் தனி வழி கிடையாது."