வாசலில் உப்பு வைத்த கடை

போன வாரம் எங்கள் ஏரியா மேனேஜர் மலை ஏறி வந்தார். பாதி வழியில், ஒரு வளைவில் காரை ஓரங்கட்டச் சொல்லி, காலையில் சாப்பிட்ட வெண்பொங்கலை ஜவ்வாது மலைக்கே காணிக்கையாக்கிவிட்டார் என்று டிரைவர் என் காதில் சொன்னார். ஆனால், கடை வாசலில் இறங்கும்போது அதெல்லாம் முகத்தில் தெரியவில்லை. கசங்காத சட்டை. கையில் டேப்லெட். காதில் ஒரு மெஷின்.

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். சட்டென்று குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டார்!

"ஐயோ... ஷூவோடவே வரலாம் சார். இது கடைதான்."

"எல்லாரும் கழட்டியிருக்காங்களே மேடம்?"

'செருப்புடன் உள்ளே வரலாம்' என்று கொட்டை எழுத்தில் போர்டு வைத்திருக்கிறேன். அந்த போர்டுக்கு அடியில்தான் எல்லோரும் செருப்பை விடுகிறார்கள். இடம் நன்றாகத் தெரிகிறது பாருங்கள்!

சாக்ஸ் காலோடு உள்ளே வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். வாசலை ஒட்டிய ரேக்கில் மேல் தட்டு முதல் கீழ்த் தட்டு வரை - உப்பு. கல் உப்பு, தூள் உப்பு, மறுபடியும் கல் உப்பு.

"வாசல்ல... உப்பா?"

அந்த ரேக் எதற்கானது தெரியுமா? சென்ட், சாக்லேட், முகத்துக்குப் பூசும் க்ரீம்... உள்ளே வருகிறவர்கள் பார்த்த மாத்திரத்தில் மயங்க வேண்டிய இடம். உப்பின் இடம் கடைசி மூலையில், அடித்தட்டில். எந்த ரேக்கில் எது இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் ஒரு படம் அனுப்பும். பிளானோகிராம் என்று பெயர். பெயரைச் சொல்லும்போதே எழுந்து நிற்கத் தோன்றும்.

"மேடம், இந்த பிராஞ்ச் இருக்கணுமா, மூடணுமான்னு முடிவு பண்றதுக்குத்தான் நான் வந்திருக்கேன். தெரியும்ல?"

எனக்குத் தெரியும். பில் போட்டுக்கொண்டிருந்த செல்விக்கும் தெரியும். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

உப்பு எப்படி வாசலுக்கு வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நான் பாளையங்கோட்டைக்காரி என்பது தெரியும். எங்களுக்கு மதுரையே வடக்குதான். திருச்சியைத் தாண்டினால் அது பிரயாணம் இல்லை, படையெடுப்பு. அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, 'ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் புதுக் கிளை, நீங்கள்தான் மேனேஜர்' என்றால்?

"திருவண்ணாமலைக்கும் வடக்கயா! அங்க தமிழ்தான் பேசுதாவளா?" என்று கேட்டார் என் கணவர். அவர் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இமயமலைக்கு அனுப்புவதுபோல ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கம்பளி எல்லாம் வாங்கிக் கட்டிக் கொடுத்தார். வந்த முதல் வாரம் அவரை மனசுக்குள் கிண்டல் செய்தேன். மார்கழியில் ஒருநாள் காலை, தலைக்குத் தேய்க்க எடுத்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை. குல்லாவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை... இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று யாரையும் கேட்கக் கூடாது என்பதும் பழகிவிட்டது. "வந்தா வரும் மேடம்" என்பாள் செல்வி. அதைவிடத் துல்லியமான தகவல் எந்த டிப்போவிலும் கிடைக்காது.

கடைதான் பழக மறுத்தது.

பளபளவென்று டைல்ஸ் போட்ட கடை. யாருடைய தயவும் வேண்டாம், வேண்டியதை நாமே எடுத்துக் கூடையில் போட்டு, கடைசியில் பில் போட்டுக்கொள்ளலாம். சந்தை நாளில் சாமையும் புளியும் விற்க வருகிறவர்கள், விற்று முடித்துவிட்டுக் கூட்டமாக எங்கள் கடைக்குள் வந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ரேக்காகப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் வெளியே போய், எதிரே இருக்கும் மளிகைக் கடையில் வாங்கிக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார்கள்!

ஒரு சந்தை அல்ல, ஒவ்வொரு சந்தைக்கும் இதே கதை. கடை நடத்துகிறேனா, பொருட்காட்சி நடத்துகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் ஓர் அம்மாவை வழிமறித்தேன். காளியம்மா என்று பெயர். நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் - இந்த மலையில் பல ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு - ஒரு சின்ன ஊர். ஷேர் ஜீப்பில் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு முன் சீட்டில் வருகிறவர். அவர் போகிற கடைக்குத்தான் ஜீப்பே போகும்.

"ஏம்மா, ஒண்ணுமே வாங்கலியே?"

"நீ எங்கம்மா குடுத்த?"

"நான் குடுக்க வேண்டியதில்லம்மா. பிடிச்சதை நீங்களே எடுத்துக் கூடையில போட்டுக்கலாம்."

காளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் குடுக்காம நானா எத்துக்கினா, அதுக்கு இன்னா பேரும்மா?"

"அதான்... கடைசியில காசு குடுப்பீங்கள்ல?"

"காசு அப்புறமாத்தான? எத்தது மொதல்லயே எத்துட்டனே!"

சொல்லிவிட்டு மேலே கையைக் காட்டினார். கேமரா. "நீயே எத்துக்கன்றே. மேல அத்தையும் மாட்டி வெச்சிக்கினு கீறே. எத்தம்மா நம்பறது?"

சொல்லுங்கள், எதை நம்புவது? 'உங்கள் விருப்பம்போல எடுங்கள்' என்று ஒரு போர்டு. 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்று பக்கத்திலேயே இன்னொரு போர்டு. நகரத்தில் இருக்கிற நாமெல்லாம் இந்த இரண்டு போர்டுக்கும் நடுவில் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பழகிவிட்டோம். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்!

சரி, கையில்தானே கொடுக்க வேண்டும்? நானும் செல்வியும் ரேக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டோம். கேட்டதை எடுத்துக் கையில் கொடுத்தோம். வாங்கினார்கள்! ஆனால், சந்தைக் கூட்டம் முழுவதற்கும் இரண்டு பேர் எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? பாதிப் பேர் நிற்கும்போதே ஜீப் ஹாரன் அடிக்கும். கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்கள். போதாக்குறைக்கு, கேமராவில் இதைப் பார்த்த தலைமை அலுவலகத்திலிருந்து போன்.

"கஸ்டமர் கையில எதுக்கு மேடம் பொருளைத் திணிக்கறீங்க? அவங்களே தொட்டுப் பார்த்து எடுக்கணும். அதுதான் நம்ம எக்ஸ்பீரியன்ஸே! எடுத்துக் குடுக்கறதுக்கு மளிகைக் கடை போதுமே?"

அந்த போனில்தான் அதையும் சொன்னார்கள். பொங்கல் வரைக்கும் பார்ப்பார்களாம். தேறவில்லை என்றால் கடையை மூடிவிட்டு, என்னை ஊர்ப் பக்கமே மாற்றிவிடுவார்களாம்.

உண்மையைச் சொல்லவா? போனை வைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எண்ணெய் உறையாத ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று என்றே மனசு கணக்குப் போட்டது.

"கடைய மூடிடுவாங்களா மேடம்?"

பின்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். மலை அடிவாரத்தில் சந்தவாசல்காரி. பஸ் மாறி, மலை ஏறி தினம் வேலைக்கு வருகிறவள். இதற்கு முன் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தாள்.

"மூடிட்டா மறுபடியும் அங்கதான் போணும் மேடம். நாளெல்லாம் நின்னுக்கினே ஒட்டணும். வூட்டுக்குப் போய் சோத்துல கை வெச்சா, சோத்துலயும் அந்தப் பசை நாத்தம்தான் அடிக்கும். இங்க வந்த அப்புறம்தான் மேடம் சாப்பாடு சாப்பாடா இருக்குது."

அவள் அழவில்லை. பில் மெஷினைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் என்னவோபோல் ஆகிவிட்டது. மனசுக்குள் எடுத்த டிக்கெட்டை மனசுக்குள்ளேயே கிழித்துப் போட்டேன்.

அடுத்த சந்தை நாள். காளியம்மா வந்தார். "உப்பு கீதாம்மா?"

எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைசி மூலை வரை அவரை அழைத்துப் போனேன். அடித்தட்டில் குனிந்து ஒரு பாக்கெட் கல் உப்பை எடுத்து நீட்டினேன்.

சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார் காளியம்மா.

"யம்மா! உப்பைப் போய் கைல குடுப்பாங்களா? உனுக்கும் எனுக்கும் சண்டை வந்துடும். கீழ வையி!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டிலும் உப்பைக் கையில் கொடுக்க மாட்டோமே! சின்ன வயதிலிருந்து தெரிந்த சங்கதி, கம்பெனி கோட்டு மாட்டியதும் எப்படி மறந்தது? பாக்கெட்டைத் திரும்பவும் தட்டிலேயே வைத்தேன்.

காளியம்மா குனிந்தார். தட்டிலிருந்து எடுத்தார். தன் கையால். கூடையில் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா... இப்ப நீங்களாத்தான எடுத்தீங்க?"

"உப்பு வேறம்மா. உப்பை யாரு கைல குடுப்பாங்க? வெச்சா நாமதான் எத்துக்கணும்."

அதோடு முடியவில்லை. திரும்பி வருகிற வழியில் மஞ்சள்தூள் பாக்கெட் ஒன்றை எடுத்தார். அப்புறம் பருப்பு. அப்புறம் ஒரு சோப்பு. நான் மூச்சுவிடாமல் பின்னாலேயே போனேன். மூச்சுவிட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

"இதெல்லாம் யாரும் குடுக்கலியேம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உப்பு எத்தாச்சி இல்ல? உப்பு வாங்கின கடைல அப்புறம் இன்னா கூச்சம்?"

அன்று சந்தை கலைந்ததும் சென்ட்டையும் சாக்லேட்டையும் மூலைக்கு அனுப்பினோம். உப்பு வாசலுக்கு வந்தது. "படத்துல இப்டி இல்லியே மேடம்" என்று செல்வி பயந்தாள். வாசல் ரேக்குக்கு நேர் மேலேதான் கேமரா இருக்கிறது. எல்லா இடத்தையும் பார்க்கும் அந்தக் கண்ணுக்குத் தன் காலடி மட்டும் தெரியாது. தெரியாதது நல்லதுதானே?

அப்புறம் நாங்கள் யாருக்கும் எதையும் சொல்லித்தரவில்லை. உள்ளே வருகிறவர்கள் முதலில் ஒரு பாக்கெட் உப்பை எடுத்துக் கூடையில் வைப்பார்கள். அதன் பிறகு கை தானாக நீளும். காளியம்மாவின் ஜீப் வந்தது. அதைப் பார்த்து அடுத்த ஜீப் வந்தது.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, ஏரியா மேனேஜர் சாக்ஸ் காலோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டைல்ஸ் ஜில்லென்று இருந்திருக்கும், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"மேடம், விற்பனை ஏறியிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இது மூடநம்பிக்கை. ஒரு மூடநம்பிக்கையை நம்பி கம்பெனி கடை நடத்த முடியாது. ரிப்போர்ட்ல என்னன்னு எழுதுவேன்?"

செல்வியின் பக்கம் நான் திரும்பவே இல்லை.

வெளியே ஜீப் நின்றது. நான் ஏற்பாடு செய்யவில்லை; அன்று சந்தை நாள், அவ்வளவுதான். காளியம்மாவும் கூட்டமும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு உப்புப் பாக்கெட், ஆளுக்கொரு கூடை. கலகலவென்று பேசிக்கொண்டே ரேக்குகளுக்குள் புகுந்தார்கள். மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியாக உள்ளே வந்த காளியம்மா அவரைப் பார்த்தார்.

"யாருப்பா நீ? வாசல்லியே நின்னுக்கினு கீறே? உப்பு எத்துக்கல?"

"நான்... மேனேஜர்மா. கம்பெனியில இருந்து வர்றேன்."

"அதுக்கு இன்னா? மேனேஜரு வூட்டுக் கொழம்புல உப்பு போட மாட்டாங்களா? உப்பு எத்தாச்சின்னா நம்ம கடை. போ, எத்துக்கினு உள்ள போ."

மனுஷன் சிரித்துவிட்டார். மலை ஏறியதிலிருந்து அப்போதுதான் சிரிக்கிறார். "சரி மேடம், ஒரு பாக்கெட் கல் உப்பு குடுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

ஒரு பாக்கெட்டை எடுத்தேன். மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் கை பாதி தூரம் வந்தது. வந்த கை, அப்படியே பின்னால் போனது.

"கையில வேண்டாம் மேடம்... கீழ வைங்க. எடுத்துக்கறேன்."

கவுன்ட்டருக்குப் பின்னால் செல்வியைக் காணோம். கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துவிட்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

நான் முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு பாக்கெட்டைத் தட்டில் வைத்தேன். அவர் எடுத்தார். நின்றார். யாரும் சொல்லாமலேயே ஒரு கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கூடையில் சாமை, தேன், புளி, வீட்டுக்கு ஒரு சென்ட் - அதையும் மூலையில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்!

பில் போடும்போது செல்வியால் பொறுக்க முடியவில்லை. "சார்... கடைய மூடிடுவீங்களா சார்?"

ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே சொன்னார். "உப்பு வாங்கின கடையை யாராவது மூடுவாங்களாம்மா?"

செல்வி அப்போதுதான் அழுதாள்.

சாயங்காலம் ஊருக்கு போன் போட்டேன். கடை இருக்கிறது, நானும் இங்கேதான் இருக்கப் போகிறேன் என்றேன். கணவர், "அது சரி... அவ்வளவு பேரு வாங்குதாவளே, அந்த உப்பு எந்த ஊரு உப்பு?" என்று கேட்டார். புவியியல் வாத்தியார் இல்லையா!

ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். தூத்துக்குடி.

இவ்வளவு வடக்கே தனியாக வந்து நிற்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்... எனக்கு முன்னாலேயே எங்க ஊர்ப் பக்கத்துக்காரி ஒருத்தி மலை ஏறி வந்து, வாசலில் நின்று எல்லோரையும் 'வாங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்!