யானைக்குப் பின்னால் அப்பா

பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்கள் வீடு. அரசர்கள் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றிக்கொண்டு போனபோது சரஸ்வதி தேவியை இங்கேயே விட்டுவிட்டார்கள். நவராத்திரிக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்வார்கள். தேவி யானைமேல் புறப்பட்டு, குழித்துறையில் தங்கிப் போய், பூஜை முடிந்து அதே வழியில் திரும்புவாள். அப்பா வருஷம் தவறாமல் கூடவே நடந்து போய், நடந்தே வருவார்.

மாநிலங்கள் பிரிந்த வருஷம் தெருவெல்லாம் ஒரே பேச்சு. அடுத்த மாதம் நம் ஊர் மதராஸோடும் திருவனந்தபுரம் கேரளத்தோடும் சேரப்போகிறது, இந்தமுறை போகிற தேவியைத் திருப்பி அனுப்புவார்களா என்று. அம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. அவள் நினைப்பெல்லாம் திருவனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காமேல். தலைப்பிரசவம். அழைத்துவர ஆள் அனுப்பியும் சம்பந்தி வீட்டார் பிடிகொடுக்கவில்லை.

காரணம் அப்பாதான். ஊரை மதராஸோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்டத்தில் கொடி பிடித்து, தொண்டை கட்டும்வரை கத்தியவர். அத்தானுக்கோ அங்கே சர்க்கார் உத்தியோகம். மகன் வேலைக்கு மாமனாரால் கேடு வரும் என்று அக்காவின் மாமியார் சொல்லியனுப்பியிருந்தாள். ஊர் கிடைத்துவிட்ட மிதப்பில் அப்பா திரிந்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் புறப்படும்போது அம்மா சொன்னாள்: “போகும்போ நடந்து போங்க. வரும்போ பிள்ளைய பஸ்ஸுல கூட்டிட்டு வாங்க.”

“நான் நேர்ல போயி கேட்டா மாட்டோம்னா சொல்லுவாவ?” என்றார் அப்பா.

விஜயதசமி முடிந்ததும் நான் தக்கலைக்குப் போய் பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். யார் யாரோ இறங்கினார்கள். வீட்டில் அம்மா பேறுகால மருந்தை இடித்துச் சலித்து, அக்காவுக்கென்று அறையை மெழுகி வைத்திருந்தாள். “பஸ்ஸுல எடம் கெடச்சிருக்காது” என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

தேவி திரும்பிய அன்று வாசலில் விளக்கேற்றி வைத்தோம். தெருமுனையில் யானையைக் கண்டதும் “வந்துட்டா, வந்துட்டா” என்று பெண்கள் குரவையிட்டார்கள். சிலர் அழுதே விட்டார்கள். யானைக்குப் பின்னால் கூட்டத்தில் அப்பா நடந்து வந்தார். பஸ்ஸில் வரவேண்டியவர் நடந்து வருகிறார் என்றதுமே எங்களுக்கு விளங்கிவிட்டது.

யானை எங்கள் வாசலில் நின்றது. அப்பா ஒதுங்கி வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அனுப்ப மாட்டாவளாம். பேறுகாலம் அங்கதானாம். பெத்த பொறவும் இந்தப் பக்கம் விட மாட்டாவளாம்.”

அம்மா கைகூப்பியபடி தேவியை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒன்னைய விட்டுட்டாவ, தாயே,” என்றாள். “எம்பிள்ளைய விடலியே.”