மறுத்து எழுதச் சொன்ன புத்தகம்

என் தங்கச்சியின் வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். சபையில் சாட்சி சொல்ல வந்த இடத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று விட்டால் நடுவில் எங்காவது அழகுபடுத்தி விடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் கம்பளை, கண்டிக்குப் பக்கம். நான் கண்டியில் ஒரு டியூஷன் வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டப்படிப்பும் படிக்கிறேன். தங்கச்சி ஷாமினி என்னைவிட மூன்று வயது இளையவள். ஒன்பது வயதில் அவளுக்கு வலிப்பு தொடங்கியது. மாதம் ஒருமுறை கண்டியில் கிளினிக், காலையும் மாலையும் மாத்திரை. அதன் புண்ணியத்தில் நாலு வருடமாக ஒன்றுமில்லை. கம்பளை டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கும் சேர்ந்திருந்தாள்.

மாத்திரையை நிறுத்துவதற்கு முந்தின வருடம்தான் நான் கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் ஒரு ஜெப வீட்டில் சேர்ந்தேன். தொடக்கத்தில் அது நல்ல இடமாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அங்கே பாடினால் உடம்பு சிலிர்க்கும். எனக்கு டெங்கு வந்தபோது மூன்று சகோதரிகள் பஸ் ஏறிக் கம்பளைக்கே கஞ்சி கொண்டுவந்தார்கள். எதிலும் தலைகுப்புற விழுகிற என்னைப் போன்றவளுக்கு, முழுசாகத் தா என்று கேட்கிற இடம் பிடிக்காமல் போகுமா?

அந்த ஜெப வீட்டை நடத்தியவரை நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுவோம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு கொப்பி. அன்றன்றைக்கு மனதில் வந்த நினைப்பு, சந்தேகம், யாரோடு பேசினோம், வீட்டில் என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் எழுத வேண்டும். சனிக்கிழமை கொடுத்தால் அண்ணன் வாசித்து, சிவப்பு மையால் கோடிட்டு, ஞாயிறு திருப்பித் தருவார். மற்றவர்கள் இரண்டு வரி எழுதுவார்கள். நான் நாலு பக்கம் எழுதுவேன்.

"ஒங்க கொப்பிய வாசிக்கவே எனக்குத் தனியா ஒரு நாள் வேணும் போல, தங்கச்சி" என்பார். எனக்குப் பெருமை தாங்காது.

அந்தக் கொப்பியில்தான் ஷாமினியின் நோயையும் மாத்திரையையும் எழுதினேன். அதன் கீழே சிவப்பில் இரண்டே வார்த்தை: "எத்தனை நாளைக்கு?" அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டு கேட்டார். "தண்ணி மேல நடக்கப் போறவன் டியூப் கட்டிக்கிட்டா எறங்குவான்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் ஷாமினியிடம் சொன்னேன்.

"நெசமாவா சொல்ற?" என்று கேட்டாள்.

"விசுவாசம் இருந்தாப் போதும்."

"எனக்கு இருக்கான்னு தெரியல. ஒனக்கு இருக்குல்ல, சரி" என்று சொல்லி மாத்திரை அட்டைகளை என் கையிலேயே தந்துவிட்டாள். அவள் அண்ணனை நம்பித் தரவில்லை, என்னை நம்பித் தந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, மாத்திரை இல்லாமல் அவளைச் சுகமாக்கும். நாளாக நாளாக அவள் முகம் வாடிக்கொண்டே போனது. பகலில் தூங்கி விழுந்தாள். ஜெபம் கேட்கப்படவில்லையோ என்ற பயம் எனக்குள் வந்தது. அந்தப் பயத்தையும் கொப்பியில் எழுதினேன்.

மாத்திரையை நிறுத்திய மூன்றாவது கிழமை, எங்கள் ஜெப வீட்டிலிருந்து ஒருவர் விலகிப் போனார். போகிறபோது, இங்கே நடப்பதெல்லாம் நூலகத்தில் இருக்கிற ஒரு புத்தகத்தில் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆட்களை வசப்படுத்துகிற மதக் குழுக்களைப் பற்றிய புத்தகம் அது. அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதானே வாசிக்கிற ஆள். அதை எடுத்து வாசிச்சு, ஒவ்வொன்னுக்கும் பதில் எழுதிக்கிட்டு வாங்க. வார ஞாயித்துக்கெழம வாசிப்போம்."

"புத்தகத்தயும் எல்லாருக்கும் காட்டலாமா, அண்ணன்?"

"வேணாம். அட்டைய பேப்பர்ல சுத்திக்கங்க, பேரு கூட யாரு கண்ணுலயும் படக் கூடாது. ஒங்களுக்கு இருக்கிற பெலன் எல்லாருக்கும் இல்ல."

நான் தரையில் நடக்கவில்லை. இன்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மனதிலுள்ள சந்தேகத்தையெல்லாம் எழுதி வாங்கி வாசித்தவர், அந்த வீட்டிலேயே அதிகம் எழுதுகிறவளைத் தன் கையாலேயே அந்தப் புத்தகத்திடம் அனுப்பிவைத்தார். நான் அதிகம் எழுதுவதை அதிகம் கீழ்ப்படிவது என்று அவர் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கண்டியில் நான் வழக்கமாகப் போகிற நூலகத்தில் நூலகராகப் பர்ஸானா மிஸ் இருப்பார். புத்தகத்தைப் பதிகிறபோது கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இது என்னத்துக்கு, மகள்?"

"மறுப்பு எழுத, மிஸ்."

"நல்லம், எழுதுங்க. ஆனா மறுக்கிறதுன்னா முழுசா வாசிக்கணும். பாதிய வாசிச்சிட்டுச் சண்டைக்குப் போற ஆக்கள் தான் இங்க கூடுதல்."

அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்தேன். திறக்குமுன் ஜெபித்தேன். ஆண்டவரே, இதற்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை தாரும். என் மாணவர்களுக்குச் செய்வதுபோல் தாளின் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் புத்தகம் சொல்லும் அடையாளம், வலப்பக்கம் எங்கள் பதில்.

புதிதாக வருகிறவர்கள்மேல் அளவில்லாத அன்பைக் கொட்டுவார்கள் என்றது புத்தகம். அன்பு காட்டுவது குற்றமா என்று வலப்பக்கம் எழுதினேன். உங்கள் இரகசியங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்றது. கொப்பி என்பது பாவ அறிக்கை, வேதத்திலேயே இருக்கிறது என்று எழுதினேன். வெளியில் உள்ளதை வாசிக்க விடமாட்டார்கள் என்றது. எங்கள் அண்ணன்தான் இதை வாசிக்கச் சொன்னார் என்று எழுதிவிட்டு, மடியில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்த அட்டையைப் பார்த்தேன். பேனா கொஞ்சம் நின்றது. ஆனாலும் அடித்துவிடவில்லை.

அந்தப் புத்தகத்தை எழுதியவரைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். அவரே ஒரு காலத்தில் இப்படி ஒரு குழுவை நடத்தியவராம். தன் குற்றத்தைத்தான் அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருந்தார். கடவுளைக் கேலி செய்து ஒரு வரி இல்லை. என்னைப் போன்றவர்களை மடையர்கள் என்று சொல்லவும் இல்லை. அகப்படுகிறவர்களில் பலர் நல்லபடியாக வாழ வேண்டும் என்று துடிக்கிறவர்கள் என்றுதான் எழுதியிருந்தார். மறுக்கப் போன எனக்கு, இந்த மனிதரோடு இருந்து ஒரு தேத்தண்ணீர் குடிக்கலாம் போல இருந்தது.

இரண்டாம் நாள் நோயைப் பற்றிய அத்தியாயம் வந்தது. சுகம் கிடைக்காதபோது இப்படிப்பட்ட குழுக்கள் தங்கள் போதனையைச் சந்தேகிக்க மாட்டார்கள், நோயாளியின் விசுவாசத்தைத்தான் சந்தேகிப்பார்கள் என்று எழுதியிருந்தார். அதனால் நோயாளி வலியை மறைக்கத் தொடங்குவார் என்றும் எழுதியிருந்தார். இதற்குச் சரியான பதில் என் கொப்பியிலேயே இருக்கும் என்று எடுத்துப் புரட்டினேன். முந்தின நாள் நான் எழுதியது கண்ணில் பட்டது.

"ஷாமினி சோர்வாகவே இருக்கிறாள். விசுவாசத்தில் குறைவு இருக்கிறது. கண்டிக்க வேண்டும்."

அது என் கையெழுத்து. சிவப்பு மை இன்னும் அதில் விழவில்லை. யாரும் சொல்லித் தந்து எழுதவில்லை. நானாக எழுதியது.

கண்ணை மூடி மறுபடியும் வார்த்தை கேட்டேன். ஒன்றும் வரவில்லை. வகுப்பில், பஸ்ஸில், ஜெபத்தில் வாய் ஓயாத எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. வலப்பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. நான் வார்த்தை கேட்டேன், ஆண்டவர் என் வாயை அடைத்தார். அதுதான் எனக்குக் கிடைத்த பதில் என்று எழும்பி நடக்கிறபோது விளங்கியது.

மத்தியானம் கம்பளை பஸ்ஸில் ஏறினேன். பேராதனை தாண்டும்வரை பஸ் ஊர்ந்தது. கடைக்குப் போனபோது ஷாமினி சேலை மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே கூப்பிட்டேன்.

"ஒனக்கு வந்துச்சா?"

"என்னா வந்துச்சா?"

"வலிப்பு, ஷாமினி."

கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு தரம். ஒருக்கா குளிக்கிற எடத்துல. ஒருக்கா கடை மாடியில, படிக்கிட்ட. கூட வேல செய்ற அக்கா புடிச்சிட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கொப்பியில எழுதிருவ."

அவள் குரலில் கோபம் இல்லை. மழை வரப்போகுது, குடையை எடு என்று சொல்வதுபோல் சொன்னாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை.

மறுநாள் காலை கிளினிக் வரிசையில் இருவரும் நின்றோம். "ஏன் நங்கி நிப்பாட்டினது?" என்று சிங்களத் தாதி ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் ஷாமினி "மறந்துட்டேன் மிஸ்" என்றாள். என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். மாடிப்படியில் விழப் பார்த்தவள், அவளை அதுவரை கொண்டுபோன என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். விசுவாசம் குறைந்தவள் என்று நான் எழுதினேனே, அவள் நம்புகிறவிதத்தில் கால்பங்கு எனக்கு இல்லை.

"இல்ல மிஸ், நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்" என்றேன்.

டொக்டர் ஏசவில்லை. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, தப்பியது பெரிய விஷயம் என்றார். மாத்திரையை எப்படித் திரும்பத் தொடங்க வேண்டும் என்று எழுதித் தந்தார். "கும்பிடுங்க, நான் வேணாம்னு சொல்லல. குளிசைய போட்டுட்டுக் கும்பிடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்பிட்டியவுக்குப் போனேன். கோடு போட்ட தாள்களை அண்ணனிடம் நீட்டினேன்.

"வலப்பக்கம் பாதிக்குமேல வெறுமையா இருக்கே?"

"ஜெபிச்சேன் அண்ணன். வரல."

"உபவாசம் இருந்து ஜெபிங்க."

"ஷாமினி மாத்திர போடுறா, அண்ணன்."

தாள்களைக் கீழே வைத்தார். "ஒங்க கொப்பி எங்க?"

"வீட்ல இருக்கு. இனிக் கொண்டு வர மாட்டேன்."

இந்தப் பாதுகாப்பை விட்டு வெளியே போனால் உங்கள் குடும்பத்துக்கு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்றார். ஒரு வருடமாக நான் நடுங்கியது இந்த வார்த்தைக்குத்தான். ஆனால் அதைக் கடைசி அத்தியாயத்தில், பஸ்ஸிலேயே வாசித்துவிட்டேன். அவர் சொல்லச் சொல்ல அடுத்த வாக்கியம் எனக்குத் தெரிந்திருந்தது. நடந்து வெளியே வந்தேன். அவர் தான் சொன்னதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருக்காகவும், எனக்குக் கஞ்சி கொண்டுவந்த அந்தச் சகோதரிகளுக்காகவும் ஜெபிக்கிறேன்.

அதற்குப் பிறகு ஷாமினிக்கு ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. கம்பளையில் ஒரு சின்ன சபைக்கு இருவரும் போகிறோம். அங்கே நான் நிறையக் கேள்வி கேட்கிறேன், போதகர் சிலவற்றுக்குத் தெரியாது என்று சொல்கிறார். அந்தத் "தெரியாது" எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது. விசுவாசத்தை நான் இழக்கவில்லை. ஆண்டவர் ஒரு புத்தகத்துக்குப் பயப்படுகிறவர் அல்ல என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அன்பானவர்களே, நீங்களும் ஆண்டவரை நம்பி வாசியுங்கள். உங்கள் கூட்டத்தைக் குறை சொல்லி எழுதியதையும் வாசியுங்கள். பதில் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அவரிடம் காட்டுங்கள். அதற்கு முன் ஒரு காரியம். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் பக்திக்குப் பயந்து யாராவது தங்கள் வேதனையை உங்களிடம் மறைக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.