வளைகாப்பு வீட்டு ஃபிரிட்ஜ்

கைப்பிடிச் சுவரின் மேல் அந்த எவர்சில்வர் டப்பா சித்திரை வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அனுப்பர்பாளையம் பாத்திரக் கடையில் என் மனைவி பார்த்துப் பார்த்து வாங்கிய டப்பா. காலையில் அது வீட்டுக்காரம்மாவின் ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் இருந்தது. அதற்குள் எங்கள் ஊசி மருந்து இருந்தது. டப்பாவைத் தொட்ட என் மனைவி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் சோதித்துவிட்டு, என் உடம்பில் சுரக்கவேண்டிய ஹார்மோன் சரியாகச் சுரக்கவில்லை என்றார்கள். அதை ஊசியாகப் போட்டுக்கொள்ளவேண்டும், வாரத்தில் சில நாட்கள், மாதக்கணக்கில். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பனியன் கம்பெனியில் அயர்ன் தேய்க்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் பின்னால் போய் நிற்கிற ஆள். அதனால் நர்ஸிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டதும், மருந்தை வைக்க வீட்டுக்காரம்மாவிடம் இடம் கேட்டதும் என் மனைவிதான். எங்கள் வாடகை வீட்டு வரிசையில் ஃபிரிட்ஜ் இருந்தது அந்த அம்மா வீட்டில் மட்டும். "எனக்கு ஊசி போடறாங்கம்மா" என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தவள், என்னிடம், "யாரு கேட்டாலும் ஊசி எனக்குத்தான். நீங்க வாயத் தொறக்கக் கூடாதுங்க மாமா" என்றாள். அன்றிலிருந்து அந்த வரிசையில் மலடி என்ற பெயர் அவள்மேல் நின்றது. நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அவள் டெய்லர். கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் துண்டு அத்தனையும் கிடைத்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துணுக்கு துணிக்குள் போய்விட்டால் எங்கேயோ ஒரு குழந்தையின் உடம்பில் குத்தும். அந்தப் பழக்கத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். போட்டு முடித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடமாட்டாள். அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் கேனில் போட்டு, கேன் நிரம்பியதும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவாள். "குப்பை அள்ளுற அக்கா கையில ஏறுனா அந்தப் பாவத்த எங்க கொண்டு போய்க் கழுவறது?" என்பாள். மருந்தை அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்து வைக்கமாட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் வைத்தால் திறக்கத் திறக்கச் சூடேறும், ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் உறைந்து கெடும் என்று வீட்டுக்காரம்மாவுக்கே சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்த அம்மாவும் தலையாட்டியிருந்தார். கெட்ட மனுஷி என்று சொல்லமாட்டேன்.

அன்று அவர் மகளுக்கு வளைகாப்பு. ஒரே காம்பவுண்டில் இருந்த எங்களுக்கு அழைப்பு இல்லை. மத்தியானம் எனக்கு ஊசி போடும் நேரம் என்று மருந்தெடுக்கப் போனவள்தான் டப்பாவைச் சுவர்மேல் பார்த்தாள். பின்னாலேயே போன நான் வாசலில் நின்றேன். உள்ளே வளையல் சத்தம், பெண்களின் சிரிப்பு.

"ஏனுங்கம்மா, டப்பாவ வெளிய வெச்சிருக்கறீங்க?"

"அக்கட்டால எடுத்து வெச்சனுங் கண்ணு. புள்ளத்தாச்சிக்குப் பாலும் பூவும் வெக்கற எடத்துல அதெதுக்குங்? ஒரு மத்தியானந்தானே. மறுக்கா உள்ள வெச்சா சில்லுனு ஆயிருமுங்க."

"ஆகாதுங்கம்மா. இத்தனை சூடு பட்ட மருந்தப் போடக் கூடாதுங்க."

"கெட்டிருந்தா நாறுமில்ல? தண்ணியாட்டந்தான இருக்குது!"

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்தாள். "விடுங்கக்கா. அந்த வயித்துல எத ஊத்துனாலும் என்ன மொளைக்கப் போவுது?"

என் மனைவி அழவில்லை. டப்பாவை முந்தானையால் பிடித்து எடுத்தாள். உள்ளே இருந்த அட்டைப்பெட்டியை எடுத்து, சூடு ஆற்றுவதுபோல உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் அன்றும் வாய் திறந்திருக்கமாட்டேன்.

"ஏனுங்க... அந்த ஊசி அவளுக்கில்லீங்க. எனக்குங்க."

யாருக்கும் புரியவில்லை. நான் சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி குத்திக் கன்றியிருந்த இடத்தைக் காட்டினேன். அத்தனை பெண்களுக்கு முன்னால். "டாக்டரு அவளுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாருங்க. அவளப் பேசறதுன்னா இனி என்னையப் பேசுங்க." கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மாவின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். குத்திப் பேசிய பெண் வளையலை எண்ணத் தொடங்கினாள்.

அறைக்கு வந்ததும் என் மனைவி என்மேல் பாய்ந்தாள். "ஏன் சொன்னீங்க? நாளைக்கு உங்களக் கம்பெனியில ஓட்டித் தள்ளீருவானுக." ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டாள், போடவேண்டாம், திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அவள் பயந்ததுபோலவே அயர்ன் டேபிளில் கிண்டல் ஆரம்பித்தது. "மாப்ள, இன்னிக்கு ஊசி நாளா?" என்றான் ஒருவன். "ஆமா. சாயந்தரம் வா, உனக்கும் ஒண்ணு போடச் சொல்றேன்" என்றேன். டேபிளே சிரித்தது. அவன் பிறகு கேட்கவில்லை. பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினோம். மருந்தை விடாமல் போட்டுக்கொண்டேன், மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை. பலிக்கவில்லை.

இப்போது அந்த ஃபிரிட்ஜில் பக்கத்து வீட்டுத் தூத்துக்குடிக்காரரின் இன்சுலின் இருக்கிறது. அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. எங்கள் வீட்டில் நல்ல காரியம் நடந்தாலும் துக்கம் நடந்தாலும் அது அங்கேயே இருக்கும் என்று என் மனைவி அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

போன மாதம் வெள்ளகோவில் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எதிர்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா என் மனைவியைப் பார்த்து, "உனக்கு என்ன கொறையாமா கண்ணு?" என்று கேட்டார். என்னைக் காப்பாற்ற அவள் இன்னமும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அவகிட்டக் கேக்காதீங்க, எங்கிட்டக் கேளுங்க. மருந்து எனக்குத்தானுங்க போட்டாங்க. பலிக்கல. கொறைன்னு ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கறோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரசம் கேட்டு வாங்கி, நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டேன்.