ஃபோர்ட்டினோவின் இளஞ்சிவப்புச் செவ்வாய்

என் அக்கா டெல்ஃபினாவைக் கட்டிக்கொண்ட ஃபோர்ட்டினோவைப் போல ஒரு கேக் மாஸ்டர் மெக்சிகோ நகரத்தில் கிடையாது. அவரைப் போல ஒரு பிடிவாதக்காரரும் கிடையாது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். முதல் பாதிக்குத் தலையாட்டுவார், மறுபாதி அவர் காதில் விழாது.

போர்த்தாலெஸ் பேட்டையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவர் அடுப்பு மூட்டியபோது, மொட்டைமாடியில் நின்றால் நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் இரண்டு எரிமலைகளும் பளிச்சென்று தெரியும். பிறகு ஆலைகள் வந்தன, பிழைக்க ஜனங்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் லட்சக்கணக்கில் கார்கள் வந்தன. எண்பதுகளில் புகை மறைத்து எரிமலைகளைக் காணோம். குளிர்காலத்தில் குருவிகள் செத்து விழுவதாகப் பேப்பரில் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பனி விடுமுறை மாதிரி புகை விடுமுறை விட்டார்கள். அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அத்தானைக் கேட்டால், "நான் தெருவில தள்ளுவண்டி வச்சு ஐஸ்கிரீமா விக்கிறேன், காத்தைப் பத்திக் கவலைப்பட? கேக்கு உள்ளேதானே வேகுது!" என்பார்.

எண்பத்தொன்பது கடைசியில் அரசாங்கம் சட்டம் போட்டது: ஒவ்வொரு காரும் வாரத்தில் ஒரு நாள் வீட்டிலேயே கிடக்க வேண்டும். நம்பரின் கடைசி எண்ணைப் பார்த்துக் கிழமையும் நிறமும் ஒதுக்கி, கண்ணாடியில் ஒட்ட அந்த நிறத்தில் ஸ்டிக்கரும் கொடுத்தார்கள். அத்தானின் வேன் ஏழில் முடிகிறது. இளஞ்சிவப்பு, செவ்வாய்க்கிழமை. அவருக்கு ஒரே குஷி. செவ்வாய் வெறுவாய், அன்றைக்கு எங்கள் ஊரில் யார் கல்யாணம் வைப்பார்கள்?

ஞானஸ்நானத்தில் அவர் கையில் ஏந்திய ஞானமகள் நயேலி வைத்தாள். மாப்பிள்ளை புதன்கிழமை சிகாகோவில் வேலைக்குப் போயாக வேண்டுமாம். எங்கள் கல்யாணங்களில் மோதிரத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு ஒன்றை ஏற்றுக்கொள்வார்கள். கேக்குக்கு ஞானத்தகப்பன் ஃபோர்ட்டினோ. கேக்கு வராமல் போனால் சாகும்வரை அந்தப் பேச்சு போகாது.

"இன்னொரு வண்டி வாங்கிட்டாப் போச்சு" என்றார். தெருவே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. புகையைக் குறைக்கச் சட்டம் போட்டார்கள், எங்கள் தெருவில் கார்கள் இரண்டு மடங்காகிவிட்டன. அத்தான் ஞாயிற்றுக்கிழமை தொலூகா போய், சித்தப்பா மகனிடமிருந்து இருபத்தைந்து வயதான ஒரு ஸ்டேஷன் வேகனை ஓட்டி வந்தார். அது தெருமுனை திரும்பும்போதே புகை முதலில் வந்தது, வண்டி பிறகு வந்தது.

செவ்வாய் காலை, மூன்று அடுக்கு வெள்ளைக் கேக் சமையலறை மேசையில் தயாராக நின்றது. ஈ உட்காராமல் மேலே மெல்லிய வலைத்துணி. கிரீம் இளகாமல் இருக்க முற்றத்துக் கதவு திறந்திருந்தது. முற்றத்தில் அத்தான் வேகனைக் கிளப்பினார், அது அணைந்தது, மறுபடி கிளப்பினார். சூடேறட்டும் என்று அரை மணி நேரம் உறும விட்டார். அக்கா இருமிக்கொண்டே வெளியே வந்தாள். நம்பர் பலகையைப் பார்த்ததும் இருமல்கூட நின்றுவிட்டது.

"யோவ் மனுஷா, இது எட்டுல முடியுதே?"

"முடியட்டும். நம்ம வேன்தான் ஏழு."

"ஏழும் எட்டும் ஒரே நிறம்யா! ரெண்டுக்குமே செவ்வாய்க்கிழமைதான்!"

தன் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த மகான் அவர். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "அத்தான், மூணாவது ஒண்ணு வாங்குங்க, பஞ்சாயத்து முடிஞ்சிடும்."

"மச்சினி, வாயை மூடிட்டு அந்தப் பக்கம் பிடி" என்றார்.

டாக்சிக்குள் மூன்று அடுக்கு நுழையாது. அடுக்கைப் பிரிக்க அவர் சம்மதிக்கவில்லை. பழைய கதவுப் பலகையில் கேக்கை ஏற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, மாதா சப்பரம் போல மெட்ரோவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவசரத்தில் யாரும் வலைத்துணியை உற்றுப் பார்க்கவில்லை.

வாயிலில் போலீஸ்காரர் மறித்தார். "பெரிய சாமான் உள்ளே போகக் கூடாது."

"இது சாமான் இல்லைங்க, என் மானம்" என்றார் அத்தான். போலீஸ்காரர் கேக்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரயில் பெட்டிக்குள் ஊசி நுழைய இடமில்லை. ஆனாலும் கேக்கைச் சுற்றிப் பத்துப் பேர் கை கோத்து வேலி கட்டினார்கள். "தள்ளாதீங்கப்பா, கல்யாணக் கேக்கு!" என்று ஒரு கிழவர் ஒவ்வொரு நிலையத்திலும் கத்தினார். "பொண்ணு யாரு? நல்ல பையனா?" என்று ஓர் அம்மாள் விசாரித்து, அக்காவோடு சொந்தமே கொண்டாடிவிட்டாள். கல்யாண மண்டபம் இருக்கும் தாக்கூபாவில் இறங்கியபோது பெட்டியே கைதட்டியது. என் அத்தான் ராஜா மாதிரி நடந்தார்.

மண்டபத்தில் பாட்டு நின்றது. எல்லோரும் சூழ்ந்துகொள்ள, அத்தான் வலைத்துணியைத் தூக்கினார்.

கேக் சாம்பல் நிறத்தில் இருந்தது. வலையின் கண்கள் வழியே இறங்கிய கரி, கிரீம் பூக்கள்மேல் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது.

"மெட்ரோ தூசியா இருக்கும்" என்றாள் நயேலி மெதுவாக. "அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, ஞானப்பா?"

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. முப்பது வருடத்தில் எதற்குமே "என் தப்பு" என்று சொல்லாத மனிதர், அதைப் பிடித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"மெட்ரோ இல்லம்மா" என்றார். "காலையில அரை மணி நேரம் சமையக்கட்டு வாசல்லயே வண்டியை உறும விட்டேன். உன் கேக்குல நான்தான் கரி பூசினேன். மன்னிச்சுக்கோ."

பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு, கத்தியை எடுத்து, மணமகள் முன்னாலேயே அத்தனை கிரீமையும் சுரண்டினார். இரண்டு நாள் உழைப்பு. உள்ளே கேக் பொன்னிறமாக, ஈரமாக இருந்தது. நயேலி முதல் துண்டை அவர் வாயில்தான் ஊட்டினாள். கண்ணைத் துடைக்கிறேன் என்று அவர் மூக்கெல்லாம் கரி பூசிக்கொள்ள, மண்டபமே சிரித்தது. அக்காதான் அதிகமாகச் சிரித்தாள். கேக்கில் ஒரு துணுக்கு மிஞ்சவில்லை.

புதன்கிழமை காலை வேகனைக் காயலான் கடைக்கு ஓட்டிப் போனார். நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஓடுற வண்டியாச்சே சார். நொறுக்குவானேன்? செவ்வாய்க்கிழமை தவிர மத்த நாள் ஓட்ட யாராவது வாங்கிப்பாங்களே?"

"அவங்க வீட்டிலயும் ஒரு கல்யாணக் கேக்கு இருக்குமில்ல?" என்றார் ஃபோர்ட்டினோ. வண்டி தகடாகும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் வந்தார்.